அக்காவின் தையல் மெஷின்

போன மாதம் ஒரு காலை. படிப்பிக்கப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்து ஸ்கந்தபுரத்திலிருந்து அக்கா போன் எடுத்தார்.

“தம்பி, அந்தச் சாமான் வேலை செய்யுதில்லை.”

“எந்தச் சாமான்?”

“அதுதான்... குரங்குக்கு வச்சிருக்கிறது.”

“துவக்கோ?”

“வாயை மூடடா. போனில நிண்டு கதைக்கிறாய்.”

அக்காவிடம் இருப்பது காற்றுத் துவக்கு, ஏர்கன். குரங்கு கலைக்க மட்டும். படிவம் நிரப்பி, கையெழுத்து வைத்து, முறைப்படி எடுத்தது. அனுமதிப் பத்திரத்தை லமினேட் பண்ணிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பிறகென்ன பயம்? அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். சாமான் உரப்பையில் சுற்றியபடி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அதன் பெயரை வீட்டுக்குள்ளும் சொல்வதில்லை.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். குண்டை உள்ளே தள்ளி மூடுகிற விரலளவு கம்பி – போல்ட் – நுனியில் உடைந்திருந்தது. எப்படி உடைந்தது? அக்காவுக்குத் தெரியாதாம். மற்றத் துண்டை விளாமரத்துக்குக் கீழே நான்தான் கண்டெடுத்தேன். துவக்கால் விளாங்காய் தட்டினால் எந்த போல்ட்தான் தாங்கும்?

சிரிக்கவும் முடியவில்லை. அரை ஏக்கர் கச்சான் – நிலக்கடலை – பிடுங்க இன்னும் மூன்று கிழமை கிடந்தது. போன முறை குரங்குகள் செடியை மட்டும் விட்டுவைத்தன. இந்த முறையும் போனால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவில் மகளோடு போய் இருப்பதாகப் பேச்சு.

“மருமோன்ர வீட்டில ரீவி பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது தம்பி,” என்றார்.  

உடைந்த கம்பியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

“இது என்னத்தின்ர, மாஸ்டர்?” என்றார் பட்டறைக்காரர்.

இந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அக்காவுக்கு அவ்வளவு புத்தி சொன்னவன் அல்லவா? வாயைத் திறந்தேன்.

“தையல் மெஷின்ர.”

அவர் கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கால் மெஷினோ, கை மெஷினோ?”

“கால்.”

“சரி,” என்றார். பின்னேரம் புதுக் கம்பி கைக்கு வந்தது. பளபளவென்று இருந்தது. துவக்குக்குள் பாதித் தூரம் போய் இறுகி நின்றது, அவ்வளவுதான் குறை.

திரும்பக் கொண்டுபோனேன். கொஞ்சம் கடைந்து தந்தார். மறுபடியும் இறுக்கம். “மெஷினைக் கொண்டாங்கோவன், வச்சுப் பாத்துச் செய்வம்,” என்றார். மெஷின் பாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நானே இறங்கினேன். கம்பி முழுக்கக் கண்மையைப் பூசி உள்ளே தள்ளுவது... எங்கே மை அழிகிறதோ அங்கே முட்டுகிறது என்று அர்த்தம். வீடியோவில் படித்த வித்தை. மை அழிந்த இடத்தை எமரி பேப்பரால் தேய்த்தேன். இன்னும் தேய்த்தேன். ஒரு கட்டத்தில் கம்பி சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. அக்கா கைதட்டினார்.

வேலிக்கரைப் பாலை மரத்தைக் குறிவைத்து விசையை இழுத்தேன். புஸ்... காற்று முழுக்கப் பின்னால் போய்விட்டது. குண்டு வாசலடியில் விழுந்தது. மரத்தில் இருந்த தாட்டான் குரங்கு எங்கள் கச்சானையே உடைத்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“அண்ணை, அது தையல் மெஷினில்லை. காத்துத் துவக்கு. பத்திரம் இருக்கு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போனவர் உரப்பையில் சுற்றிய ஒரு சாமானோடு வந்தார். பிரித்தார். அக்காவுடையதைப் போலவே ஒன்று.

“எங்கட தென்னைக்கும் குரங்கு வாறது. என்னட்டையும் பத்திரம் இருக்கு. முதல் நாளே சொல்லியிருந்தா இதில வச்சு அளவெடுத்திருப்பன்.”

“உங்களுக்கு அப்பவே விளங்கினதோ?”

“என்ர மனிசி தைக்கிறவா, மாஸ்டர். எந்த மெஷினில இப்பிடியொரு கம்பி கிடக்கு?”

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

“கேட்டா நீங்கள் பயந்துடுவியள்.” வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எனக்கும் பயம்தான்.”

கையில் பத்திரம் வைத்திருந்த இரண்டு பேர். ஒருவர் சொல்லவில்லை, மற்றவர் கேட்கவில்லை. அதனால் ஒரு கம்பியில் மூன்று தரம் வேலை. யுத்தம் முடிந்து இவ்வளவு காலம் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை.

புதிய போல்ட் அன்றைக்கே தயார். அடுத்த நாள் அக்கா போன் எடுத்தார்.

“தம்பி, தையல் மெஷின் நல்லாத் தைக்குது.”

அவருக்கு நான் புத்தி சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது இதுதான்: “நூல் கிடக்கோ, அக்கா?”

“ஒரு பெட்டி கிடக்கு.”

கச்சான் பிடுங்கியாயிற்று. அக்கா வவுனியாவுக்குப் போகவில்லை. மகளுக்கு ஒரு மூட்டைக் கச்சான்தான் பஸ்சில் போனது. மூட்டையின் வாயை அக்கா கையால் தைத்திருந்தார். வீட்டில் ஏது தையல் மெஷின்?