தண்ணீர் தெளிக்காமல் அரைத்த மல்லாட்டை

போன வியாழக்கிழமை வரை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வறுக்கத் தெரியும். அவிக்கத் தெரியும். உருண்டை பிடிக்கத் தெரியும். எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் பிண்ணாக்கை எந்த மாட்டுக்கு எவ்வளவு வைப்பது என்றுகூடத் தெரியும். பிறந்ததிலிருந்து கடலூர்க்காரி நான். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகக் கடலை மூட்டை வந்து இறங்குகிற ஊரில், எனக்கு யார் அதைச் சொல்லித்தருவது?

ஆணவம்தான். வாராவாரம் என் பெருமையைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? ஆனால் சும்மா வந்த ஆணவம் இல்லை — எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பலகாரம் போட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டில் மருமகள் பட்டினி கிடந்தால்…?

ஜமீலா பினாங்கில் பிறந்த பெண். என் மகன் அங்கே கடை வைத்திருக்கிறான். தலைப்பிள்ளை உண்டானதும், தாய் இல்லாத பெண்ணைத் தனியே வைத்திருக்க வேண்டாம் என்று கப்பலேற்றி என்னிடம் அனுப்பிவைத்தான். வந்து இருபது நாள். இடியாப்பம் வைத்தேன், கறி ஆணம் வைத்தேன், மீன் பொரித்தேன். எதையும் தொடவில்லை. கஞ்சித் தண்ணீரும் ஊறுகாயும்தான். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

சிதம்பரத்தில் அவளுடைய பெரியம்மா மைமூன் இருக்கிறாள். செய்தி எப்படிப் போனதோ, கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வருவாளாம். பெண் இப்படியே இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம்.

ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். இரண்டு தடவை. முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை பயம். ‘அந்த வீட்டுச் சோறு மருமகளுக்கு இறங்கலையாம்’ என்று ஊரில் ஒரு வார்த்தை கிளம்பினால், நான் எந்த முகத்தோடு அடுத்த கல்யாண வீட்டில் கரண்டி பிடிப்பேன்?

கட்டிலில் ஜமீலாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னதாம்மா வேணும் ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லு.”

“ஒண்ணும் வேணாம் மாமி.”

“அங்க இருந்தா என்ன சாப்புடுவ?”

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

“பக்கத்து வீட்டுத் தெரசம்மா ஒண்ணு செய்வாங்க. அடியில சாக்லேட் கேக்கு, நடுவுல கடலை வெண்ணெய், மேல திரும்பவும் சாக்லேட். ஆறினதும் சதுரம் சதுரமா வெட்டிக் குடுப்பாங்க. அம்மா மௌத்தான அன்னிக்கும் அதத்தான் கொண்டாந்தாங்க. அன்னிக்கு எனக்கு அது ஒண்ணுதான் உள்ள எறங்குச்சு.”

அதற்குமேல் நான் என்ன கேட்பது?

சாக்லேட் தூள் எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை. சிதம்பரத்தில், யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் வாங்குகிற கடையில் இருக்கும் என்றார்கள். புதன்கிழமை காலை ரயிலில் போனேன். கொக்கோ டின் ஒன்று, மைதா, வெண்ணெய் வாங்கினேன். முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மதிய வண்டியில் திரும்பிவிட்டேன். சம்பந்தி ஊருக்குப் போய்ச் சம்பந்தி வீட்டுக்குப் போகாமல் வருவது எங்களில் பெரிய குற்றம். தெரிந்தேதான் செய்தேன்.

வியாழக்கிழமை காலை அம்மி முன்னால் உட்கார்ந்தேன். கடலை வெண்ணெய் எப்படிச் செய்வது என்று ஜமீலாவுக்கும் தெரியாது. “அங்க பாட்டில்ல வரும் மாமி” என்றாள். பாட்டிலுக்குள் போகுமுன் யாரோ அரைத்திருப்பார்கள்தானே? வறுத்தேன். தோலை ஊதினேன். அம்மியில் போட்டுச் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்து, மழமழவென்று அரைத்து வழித்தேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

“சட்னி ரெடி. இட்லி எத்தனக்கா ஊத்தட்டும்?”

பார்த்தேன். சட்னியேதான்.

தண்ணீர் ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி வறுத்து, குறைத்துத் தெளித்து அரைத்தேன். கெட்டிச் சட்னி.

“பச்ச மொளகா ரெண்டு வையிக்கா. அதுக்காச்சும் ஆவும்.” பாக்கியத்துக்கு ஒரே கொண்டாட்டம்.

உள்ளேயிருந்து ஜமீலாவின் குரல் வந்தது. “மாமி… தெரசம்மா அந்தப் பாட்டில்ல ஈரக் கரண்டிய விடவே மாட்டாங்க. கெட்டுடும்பாங்க. மேல எண்ணெயா மெதக்கும்.”

ஈரமே ஆகாதா?

தண்ணீர் தெளிக்காமல் அம்மியில் அரைப்பதா! மிளகாயோ மஞ்சளோ தேங்காயோ — எதை வைத்தாலும் கை தானாகச் செம்புக்குப் போகும். அது நான் செய்வதில்லை. கை செய்வது. மூன்றாவது தடவை கடலையைப் போட்டுப் பத்து இழுப்பு இழுத்திருக்கமாட்டேன். விரல் செம்புக்குள் இருந்தது.

“மாமி!”

திரும்பினேன். ஜமீலா கட்டிலை விட்டு எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தாள். செம்பை எடுத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க அரைங்க. இத நான் தரமாட்டேன்.”

இருபது நாளில் அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரைத்தேன்.

முதலில் மாவு. பிறகு ஈர மணல் மாதிரி திட்டுத் திட்டாக. பிறகு அம்மியோடு ஒட்டிக்கொண்டு, குழவியை நகரவிடாமல் முரண்டு பிடித்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டால் இளகிவிடும் என்று கை கெஞ்சுகிறது. செம்பு அவள் மடியில்.

அப்போதுதான் நடந்தது…

ஓரத்தில் ஒரு பளபளப்பு. அடுத்த இழுப்பில் குழவி வழுக்கியது. அதற்கடுத்த இழுப்பில் கல்லின்மேல் அது ஓட ஆரம்பித்தது! வெளியிலிருந்து நான் எதையும் சேர்க்கவில்லை. பொன்னிறமாக, வெதுவெதுப்பாக, வழித்த விரலிலிருந்து நூலாக இறங்கியது. சுப்ஹானல்லாஹ் என்றேன். திறந்த வாயை மூடத் தோன்றவில்லை. பாக்கியமும் பேச்சை நிறுத்திவிட்டாள் — அது இன்னொரு அதிசயம்.

அறுபது வருஷமாக என் கையில் புழங்கிய கடலை. அதற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூட அதை வெளியே வரவிட்டதில்லை. கொஞ்சம் இறுகினால் உடனே தண்ணீர்! கடலைக்கு மட்டுமா இப்படிச் செய்கிறோம்? ஒரு பெண் முகம் இறுகி உட்கார்ந்தால், பத்துப் பேர் கூடிப் புத்தி சொல்லியே நனைத்துவிடுகிறோம்.

மீதியெல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. ஜமீலா சொல்லச் சொல்ல மைதா, ரேஷன் சர்க்கரை, முட்டை, வெண்ணெய், கொக்கோ எல்லாம் அடித்துக் கலக்கி, பிஸ்கட் டின் மூடியில் நெய் தடவி ஊற்றினேன். “ஓவன் வேணுமே மாமி” என்றாள். பிரியாணிக்குத் தம் போட்டவளுக்கு ஓவன் எதற்கு? அண்டாவில் மணல் பரப்பி, செங்கல் துண்டுகளின்மேல் டின் மூடியை ஏற்றி, அண்டாவின் வாய்க்கு ஒரு தட்டு. தட்டின்மேல் தணல். முக்கால் மணி நேரத்தில் தெருவே மணத்தது.

ஆறியதும் கடலை வெண்ணெயில் பொடித்த சர்க்கரை கலந்து ஓர் அடுக்கு. கொக்கோவையும் சர்க்கரையையும் வெண்ணெயில் இளக்கி, அதற்குமேல் இன்னோர் அடுக்கு. தை மாதக் குளிரில் விடிவதற்குள் நன்றாக இறுகியிருந்தது. கத்தியை வைத்தேன்.

கறுப்பு, பொன், கறுப்பு.

ஒரு சதுரத்தை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி மூன்று அடுக்கு. இது என் கை செய்ததுதானா?

ஜமீலா ஒரு துண்டை வாயில் வைத்தாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது.

“தெரசம்மா செய்யுறது மாதிரி இல்ல மாமி.”

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“இதுல கடலை வாசன ஜாஸ்தியா இருக்கு. இன்னொண்ணு குடுங்க.”

மத்தியானம் மைமூன் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

“சலாம் சம்பந்தி. புதன்கிழம கீழ வீதியில ஒங்களப் பாத்ததா சொன்னாங்களே. எங்க வீடு மறந்துபோச்சா?”

“அவசர ஜோலி” என்றேன்.

“அப்படி என்ன அவசரம்னு பாக்கத்தான் வந்தேன். ஜமீலா, பொட்டியக் கட்டு.”

பதில் சொல்ல ஜமீலாவின் வாய் காலியாக இல்லை. மைமூன் அவள் கையிலிருந்ததை வாங்கினாள். முகர்ந்தாள். கடித்தாள். உட்கார்ந்தாள். இரண்டாவது துண்டுக்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

“நடுவுல இருக்கறது என்ன, மல்லாட்டையா? இதுல என்ன ஊத்தி அரைச்சீங்க?”

“ஒண்ணும் ஊத்தல.”

உண்மையைத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நாலு மணி வண்டிக்கு எழுந்தாள். “கெளம்பு புள்ள, நேரமாச்சு.”

ஜமீலா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீங்க போங்க பெரியம்மா. இன்னும் பாதித் தட்டு கெடக்கு. அது தீந்ததும் வர்றேன்.”

மைமூன் தெருமுனை திரும்புவதற்குள் இன்னொரு படி மல்லாட்டையை வறுக்கப் போட்டுவிட்டேன் — அந்தத் தட்டைத் தீரவிட எனக்கென்ன பைத்தியமா?