உறையூர்த் தெருவின் ஆடிப்பெருக்குச் சோறு: கடலை ஒத்துக்கொள்ளாத மகளோடு ஒரு திருச்சிப் பயணம்

இந்தப் பதிவு ஆடியிலேயே வந்திருக்க வேண்டியது. பாதி எழுதி வைத்தேன், மகளுக்குச் சளி, பிறகு பள்ளி, பிறகு எழுதவே மனம் வரவில்லை. போன வாரம் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான், இதை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். படத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் மகள் யாழினிக்கு நான்கு வயது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. பிடிக்காது என்பது வேறு, இது வேறு. இரண்டு வயதில் ஒரு துண்டு கடலை மிட்டாய் தின்று முகமெல்லாம் வீங்கி, ஒரு நாள் முழுக்க மருத்துவமனையில் இருந்தோம். அதிலிருந்து வெளியூர்ப் பயணம் என்றாலே நான் தயங்குவேன். கூட்டமோ வெயிலோ எனக்குப் பயமில்லை. சாப்பாடுதான் பயம். அதுவும் நம் ஊரில், பார்க்கிற குழந்தைக்கெல்லாம் ஒரு வாய் ஊட்டிவிடுகிற அன்பு இருக்கிறதே, அதுதான் பெரிய பயம்.

ஆனாலும் சுகந்தி விடவில்லை. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, இப்போது திருச்சி உறையூரில் இருக்கிறாள். "எங்க தெரு ஆடிப்பெருக்கை ஒரு தடவை வந்து பாருடி. வீட்டுக்கு ஒரு சோறு, தெருவே ஒரு பந்தி. பாப்பாவுக்குக் கடலை ஆகாதுன்னு குரூப்ல போட்டாச்சு, யாரும் போட மாட்டாங்க" என்றாள். கணவருக்கு விடுப்பு இல்லை. நானும் யாழினியும் மட்டும் கிளம்பினோம்.

சேலத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஆடி பதினேழாம் நாள் காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறினோம், நாமக்கல், தொட்டியம், முசிறி வழி. முசிறி தாண்டியதும் வலதுபக்க ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். மரங்களுக்கு நடுவே காவிரி வருவதும் மறைவதுமாகக் கூடவே வரும். "இது நம்ம ஊரு மேட்டூர்ல தொறந்து விட்ட தண்ணி" என்று யாழினியிடம் சொன்னேன். "நம்மளவிட வேகமா வந்துருச்சா?" என்று கேட்டாள். பன்னிரண்டு மணிக்குள் சத்திரம் பேருந்து நிலையம். அங்கிருந்து உறையூருக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நகரப் பேருந்தும் உண்டு, பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் பையும் குழந்தையும் தூக்கிக்கொண்டு ஏறுவது கஷ்டம்.

மறுநாள் பதினெட்டு. காலை ஏழு மணிக்கே சுகந்தியோடு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விட்டோம். அவ்வளவு சீக்கிரம் போயும் படிகள் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. வாழை இலையில் மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, பேரிக்காய், காப்பரிசி. புதுப்பெண்கள் கல்யாண மாலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அறிமுகமே இல்லாத ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். யாழினிக்கும் கட்டினார். பிறகு மடியிலிருந்து காப்பரிசி எடுத்தார். நான் அவசரமாகக் குழந்தையின் வாயைப் பொத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்ன செய்வது, எனக்கு இது பழகிப்போன பார்வை.

திரும்பி வந்தபோது உறையூர்த் தெருவில் சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சப்பரம் என்றால் கைக்கு அடக்கமான மரத்தேர், உள்ளே ஒரு சாமி படம், முன்னால் கயிறு. யாழினிக்கும் ஒன்று கிடைத்தது. அவளை விட்டுவிட்டு நான் மாலைப் பந்தி வேலையைப் பார்த்தேன்.

அந்த ஏற்பாட்டை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. தெருவில் இருபது வீடு இருக்கும். நெசவு செய்கிறவர், வங்கியில் வேலை பார்க்கிறவர், வளைகுடாவில் கணவர் இருக்கிறவர் என்று எல்லா வகையும் உண்டு. யார் எந்தச் சோறு என்பதை ஒரு வாரம் முன்பே பேசி வைத்துவிடுகிறார்கள், இரண்டு வீட்டில் ஒரே சோறு வந்துவிடக் கூடாதாம். எல்லாவற்றுக்கும் தலைமை மல்லிகா அக்கா, தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். அவர் பக்கத்து வீடு ரஹ்மத் அக்கா, காலையில் இடியாப்பம் அவித்து விற்பவர். அவர் ஆற்றங்கரைக்கு வருவதில்லை, தெருப் பந்திக்கு ஒரு வருடமும் தவறியதில்லை.

"போன வருசம் இவ எலுமிச்சை சோத்துல உப்பே இல்ல" என்றார் மல்லிகா அக்கா.

"உப்பு இல்லாததையே மூணு தடவ வாங்கித் தின்னவ யாரு? நீதானே?" என்றார் ரஹ்மத் அக்கா.

ஆறு மணிக்குத் தெருவின் ஒரு முனையை அடைத்துப் பாய் விரித்தார்கள். மூடிய பாத்திரங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் கரண்டியோடு நின்றார். நான் வழக்கம்போல ஒவ்வொரு பாத்திரமாகப் போய்க் கேட்டேன். கடலை மட்டுமில்லை, எண்ணெயையும் கேட்பேன். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் இவளுக்கு ஆகாது என்று எங்கள் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

"நல்லெண்ணெய்ங்க." "நெய்ம்மா." இரண்டு பேர் மட்டும் கடலை எண்ணெய் என்றார்கள். அந்த இடங்களை மனதில் குறித்துக்கொண்டேன். ரஹ்மத் அக்காவிடம் கேட்டபோது, "தேங்காயெண்ணெய்ம்மா, தைரியமா குடுங்க" என்றார். கடைசிப் பாத்திரத்துக்குப் பின்னால் மல்லிகா அக்கா நின்றார். அது சுகந்தி வீட்டுப் புளிச்சோறு, கிண்டும்போது நானே பக்கத்தில் இருந்தேன். அதனால் அவரிடம் கேட்கவில்லை.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தன் வீட்டுச் சோற்றைத் தானே பரிமாறக் கூடாது. பக்கத்து வீட்டார்தான் திறந்து போட வேண்டும். வேண்டியவருக்கு நிறைய, வேண்டாதவருக்குக் குறைய என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக எப்போதோ தொடங்கியதாம். அழகான வழக்கம்தான். ஆனால் சுகந்தி அதை என்னிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது சொல்லத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது. புளிச்சோற்றுக்குப் பின்னால் மல்லிகா அக்கா நிற்பதைப் பார்த்தபோதே எனக்கும் உறைத்திருக்க வேண்டும். உதவிக்கு நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

மூடிகளைத் திறந்தார்கள். தேங்காய்ச் சோற்று வாசனை தெருவைத் தூக்கியது. ரஹ்மத் அக்கா யாழினியை மடியில் இருத்தி, தன் முன்னால் இருந்த பாத்திரத்திலிருந்து ஒரு வாய் ஊட்டினார். நான் தடுக்கவில்லை. வெளியாள் கையால் அவள் சாப்பிடுவதை நான் சிரித்துக்கொண்டு பார்த்தது அதுதான் முதல் முறை.

"அம்மா, வாய் அரிக்குது" என்றாள்.

உதட்டைச் சுற்றிச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, தேங்காயெண்ணெய்னுதானே சொன்னீங்க?"

"அது என்னோட எலுமிச்சைச் சோறும்மா, அந்தா அங்க இருக்கு. இது மல்லிகாவோடது."

பக்கத்திலிருந்து மல்லிகா அக்கா, "ஒரு கடலைகூட போடலையே நான்!" என்றார்.

"எண்ணெய்? என்ன எண்ணெய்க்கா?"

"செக்குல ஆட்டின கடலை எண்..." மல்லிகா அக்கா சட்டென்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

நான் கேட்டதற்கு ஒவ்வொருவரும் பதில் சொன்னது அவரவர் வீட்டில் சமைத்ததற்கு. நான் குறித்துக்கொண்டது எதிரில் இருந்த பாத்திரத்தை.

பையிலிருந்த மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், தெருவாசி செல்வம் அண்ணன் ஆட்டோவைக் கிளப்பி வைத்திருந்தார். ஆனால் வழி முழுக்கப் பாய், பாய் முழுக்க இலை. யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்து, சோறு போட்ட இலையோடு பாயைச் சுருட்டினார்கள். பாத்திரங்கள் ஓரத்துக்குப் போயின. பிள்ளைகள் சப்பரங்களைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஆட்டோ ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

தில்லை நகர் பக்கம்தான், சில நிமிடம். அதற்குள் கழுத்து வரைக்கும் தடிப்பு. மருத்துவமனையில் உடனே பார்த்தார்கள். மூச்சில் பிரச்சினை இல்லை, ஆனாலும் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார் மருத்துவர். ஊசி போட்டதற்கு யாழினி அழுத அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. அப்படி அழ மூச்சு வேண்டுமே!

மல்லிகா அக்கா எங்களோடு ஆட்டோவில் ஏறி வந்ததையே அப்போதுதான் கவனித்தேன். பட்டுப்புடவை, காலில் செருப்பு இல்லை. ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்கக்கா."

"வேணாம்மா. எல்லார் வீட்டுலயும் போய், கடலை போடாத கடலை போடாதன்னு கத்துனவ நான். எண்ணெய் என் தலையில ஏறவே இல்ல பாருங்க." பிறகு, "என்னைத் திட்டிருங்களேன். இப்படிச் சும்மா இருக்கீங்களே, அதுதான் தாங்கல" என்றார்.

திட்டத்தான் நினைத்தேன். அதற்குள் யாழினி, "பெரியம்மா, என் சப்பரம் எங்க?" என்றாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும்தான்.

தடிப்பெல்லாம் அடங்கி நாங்கள் திரும்பியபோது பத்து மணி தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு மட்டும் ஊட்டித் தூங்க வைத்திருந்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் சாப்பிடவில்லை. ஆட்டோவிலிருந்து யாழினி தன் காலால் இறங்கியதும், ஒவ்வொருவராக வந்து என்னிடம் எண்ணெய்க் கணக்கு ஒப்பித்தார்கள். "எங்க வீட்டுது நெய்ங்க, நான் அந்த நாலாவது பாத்திரத்துல நின்னேன், ஆனா என்னோடது அஞ்சாவது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று யாழினிக்குப் பந்தியிலிருந்து நான் எதையும் கொடுக்கவில்லை. சுகந்தி வீட்டுத் தயிர்ச்சோறு மட்டும். ஆனால் நான் ஒரு பாத்திரம் விடாமல் வாங்கிச் சாப்பிட்டேன். ரஹ்மத் அக்காவின் எலுமிச்சைச் சோற்றில் இந்த வருடம் உப்பு சரியாகவே இருந்தது.

மறுநாள் காலை கிளம்பும் முன் மல்லிகா அக்கா தன் அடுப்படிக்கு என்னைக் கூட்டிப்போனார். புது வாணலி, பிரிக்காத நல்லெண்ணெய் பாட்டில். "நீங்களே தாளிங்க, நான் தொடல. சோறு மட்டும் நான் கிளறுறேன்." தேங்காய்ச் சோறு. யாழினி அவர் கையால் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

திருச்சிக்கு ஆடிப்பெருக்குக்குப் போகிறவர்களுக்கு: அம்மா மண்டபத்துக்கு ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள், குழந்தையை இடுப்பிலேயே வைத்திருங்கள், தடுப்பைத் தாண்டித் தண்ணீரில் இறங்காதீர்கள். கொஞ்சம் இடம் வேண்டும் என்றால் மறுநாள் முக்கொம்பு போகலாம், ஆறு இரண்டாகப் பிரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். என் மகளைப் போலக் குழந்தை உள்ளவர்கள், மருந்துப் பையைக் கையிலேயே வைத்திருங்கள், பக்கத்து மருத்துவமனை எது என்று போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். "என்ன எண்ணெய்?" என்று கேட்பதோடு விடாதீர்கள். "இதைச் சமைத்தது யார்?" என்று முதலில் கேளுங்கள். அதற்காகப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் திரும்பவும் போவேன்.

இனி அந்தப் படம். பிள்ளையார் சதுர்த்திக்கு அதே தெருவில் பந்தி. பாய், வரிசையாகப் பாத்திரங்கள், பின்னால் பக்கத்து வீட்டார், அதாவது பழைய வழக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் அதைச் சமைத்த எண்ணெய் பாட்டில் நிற்கிறது. கூடவே மல்லிகா அக்காவின் குரல்பதிவு: "பாப்பா வரலைன்னு தெரியும்மா. வர்ற பிள்ளையில எதுக்கு எது ஆகாதோ, நமக்கென்ன தெரியும்?"

யாழினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நல்லெண்ணெய் பாட்டில் நின்ற ஒரு பாத்திரத்தின் மேல் விரலை வைத்து, "அம்மா, இது நான் சாப்பிடலாம்" என்றாள். விரல் நகர்ந்தது. "இதுவும்."