‘சரி’ என்றொரு பொத்தான்

என் அக்காவுக்குச் சம்பளமே சும்மா இருப்பதற்குத்தான் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஆஸ்பத்திரிகளுக்குச் செயலி செய்து தரும் நிறுவனத்தில் வேலை. நோயாளிகளை வரவழைத்து, கையில் ஒரு போனைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதுவாள். உதவக் கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது. உதவினால் கோளாறு எங்கே என்று தெரியாமல் போய்விடுமாம். வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் அங்கே வாயைக் கட்டிக்கொண்டு இருப்பாள்.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இதய அறுவை சிகிச்சைக்கு ஏழு மாதம் காத்திருந்து தேதி வாங்கியவர்.

“உங்க தேதிய உறுதி பண்ணுங்கய்யா,” என்றாள் அக்கா.

அவர் தேதியைத் தொட்டதும் ‘ரத்து செய்யவா?’ என்று திரை கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ரத்து’, ‘சரி’. ‘ரத்து’ என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடு என்று பொருளாம்; தேதி வேண்டுமென்றால் அதைத்தான் அமுக்க வேண்டும். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துப் போட்ட லட்சணம் அது! ‘ரத்து’ என்றதைப் பார்த்து மனிதர் பயந்துபோனார்.

“சரியத்தானேம்மா அமுக்கணும்?”

அக்கா பேசவில்லை. அவர் ‘சரி’யை அமுக்கினார். ‘ஐந்தாவது ஆளும் தவறினார்’ என்று எழுதிக்கொண்டாள்.

பரிசோதனைக்குக் கொடுத்த போனில் எழுத்து சின்னதாக இருக்கிறதென்று, இதே செயலியில் நிஜத் தேதி இருந்த தன் சொந்தப் போனை அவர் எடுத்திருந்தார். அவர் போனை மாற்றிய நேரம் நோட்டில் குனிந்திருந்த அக்கா அதைக் கவனிக்கவில்லை.

பையும் கையுமாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் மனைவி போன் செய்ததும் அக்கா அடித்துப் பிடித்து ஓடினாள்.

“தப்பு எங்க மேலதான் சார்,” என்று கவுன்டரில் கெஞ்சினாள்.

“அவரேதான் ரத்து பண்ணியிருக்காரு. இனிமே மூணு மாசம் கழிச்சுதான்.”

மனிதர் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

பிறகு பொத்தான்களை மாற்ற இருபது நிமிடம்தான் ஆனது. அவர் வருவதற்கு முந்தின வாரமே நாலு பேர் தவறியதை அக்கா எழுதிக் கொடுத்தபோது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றவர்கள்தான் மாற்றினார்கள்.

துக்கம் விசாரிக்கப் போன அக்கா, பொத்தான் கோளாறையும் போன் மாறியதையும் அவர் மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மா கத்தவில்லை, திட்டவில்லை.

“அமுக்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது கேட்டாராம்மா?”

“கேட்டாரு,” என்றாள் அக்கா.