திரும்பி வந்த மூன்று மெயில்கள்

கம்பத்தில் பிராட்பேண்ட் வந்த புதிது. நான் பத்தாவது வரை படித்தவன். டிடிபி வேலையில் ஆரம்பித்து, பிரவுசிங் சென்டர் வைத்து, வெப்சைட் வேலையை நானாகவே கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஏலக்காய் வியாபாரி காதர் பாய்க்கு, அச்சு வார்ப்பு மாதிரி வெப்சைட் கட்டித் தருகிற சைட் பில்டரில் ஒரே ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். காய் போட்டோ, தரம், கீழே என்கொயரி ஃபார்ம். முகவரி மட்டும் பில்டர் கம்பெனி பெயரோடு ஒரு முழம் நீளம். பாயிடம் கடைப் பெயரிலேயே டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, ஏற்கெனவே இருந்தது. மதுரைக்காரர் ஒருவர் அதை வாங்கி, மெயில் மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். துபாய் பார்ட்டியின் ஆர்டரெல்லாம் அந்த மெயிலுக்குத்தான் வரும்.

"ரெண்டு வருசமா ஒரு பக்கம்கூடப் போடல. அந்தாளுக்கு என்ன பாய் தெரியும்?" என்று பெருமையாகச் சொன்னேன்.

கடைப் பெயரை அடித்தால் நான் செய்த பக்கம் திறக்கும்படி மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை அதற்காகப் பாய் சென்டருக்கு வந்து என் அருகில் உட்கார்ந்தார். "ஜும்மாவுக்குப் போகணும் தம்பி. அதுக்குள்ள முடிச்சிருவீகளா?"

"பத்தரைக்கு ராகு காலம் பாய். அதுக்கு முன்னாடியே முடிச்சிருவோம்."

"உங்க ராகு காலத்துக்குக் கம்ப்யூட்டரும் பயப்படுமாக்கும்" என்று சிரித்தார்.

மணி பத்து இருபது. டொமைனில் வெப்சைட் எங்கே இருக்கிறது என்று சொல்கிற ரெக்கார்டை மட்டும் மாற்றியிருக்கலாம். எல்லா ரெக்கார்டையும் வைத்திருக்கிற நேம்சர்வரையே பில்டர் கம்பெனிக்கு மாற்றினால் இரண்டே வரி. அவசரத்தில் அதைச் செய்தேன். பழைய ரெக்கார்டுகளைக் குறித்து வைக்கவில்லை. முருகா என்று சேவ் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை கடைப் பெயரிலேயே பக்கம் திறந்தது. பாய்க்கு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய நேம்சர்வரோடு போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. மதுரைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். ஒன்றும் தெரியாதவர் என்று சொன்னபின் எந்த முகத்தோடு கேட்பது?

மத்தியானம் பாய் போன் செய்தார். "மெயிலே வரலையே தம்பி. துபாய்க்காரக இன்னிக்கு முடிவு சொல்றேன்னாக."

"நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகும் பாய். அதுவா வந்துரும்."

அதுவாக வராது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு முழுக்க ஏதேதோ போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் கோயிலுக்குப் போய் அழுதேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது பாய் துபாய்க்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய மூன்று மெயிலும் திரும்பிவிட்டதாம். கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்து, ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

"கடை நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர் பாக்குறவக சாமி கும்பிடுற மனுசன். பொய் சொல்ல மாட்டாக. ரெண்டு நாளாகும்னு அவுகளே சொன்னாக" என்று பாய் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிருந்தே மதுரைக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு குத்தல் பேச்சும் இல்லாமல், "எழுதிக்கங்க" என்று இரண்டு வரி சொன்னார். சாயங்காலத்துக்குள் மெயில் ஓடியது. ஆர்டர் போனது போனதுதான்.

"சனிக்கிழமையே தெரியுமா?" என்று பாய் கேட்டார்.

"தெரியும் பாய்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் துபாய்க்குப் போன்ல ஒரு வார்த்தை பேசியிருப்பேனே தம்பி."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேம்சர்வரில் கை வைக்கும் முன் பழைய ரெக்கார்டு அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியும் தப்பு வரும். வந்தால், யாருக்கு நஷ்டமோ அவரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். சாமியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.