சுடர்விழியின் அட்டை ஃபோன்

சுடர்விழியால்தான் நடவுக்காரி அம்சத்துக்கு மயக்கம் வந்தது என்று குழாயடியில் மாலதி சொல்லித் திரிவது சுத்தப் பொய். "அடுத்தவ வீட்டு அடுப்பங்கரைய எட்டிப் பாக்குறதுதான் அவளுக்கு வேல" என்பதும் பொய். சுடர்விழி எட்டிப் பார்க்க மாட்டாள். உள்ளேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். உட்காராமல் எப்படித் தெரிந்துகொள்வதாம்?

சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் சோற்றையும் மாத்திரையையும் ஃபோனிலேயே கவனித்துக்கொள்ள ஒரு செயலி செய்வது அவள் தொழில். ஆபீஸ் தஞ்சாவூரில், பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம், நடவு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில். கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியதை முதலில் அட்டையில் செய்வாள். ஃபோன் அளவுக்கு வெட்டிய அட்டை. அதில் ஸ்கெட்ச் பேனாவில் போட்ட பொத்தான்கள். அதைச் சர்க்கரை வியாதிக்காரியான அம்சத்தின் கையில் கொடுப்பாள்.

"மாத்திர போட்டாச்சுன்னு சொல்ல எங்க தொடுவீங்க அத்தை?"

அம்சம் வேறெங்கோ தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாள். "தப்பாயிடுச்சா பாப்பா?"

"நீங்க தொட்டது தப்பில்ல. நான் வச்ச எடந்தான் தப்பு."

சொன்ன கையோடு வேறு அட்டை எடுத்து வரைய ஆரம்பித்துவிடுவாள். படித்தவர்களில் இப்படிச் சொல்கிறவர்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

காலைச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கு ஃபோன் மணி அடிக்கும்படி ஆபீசில் வைத்திருந்தார்கள். எட்டு மணிக்கு அம்சம் முழங்கால் சேற்றில் நிற்பாள். சுடர்விழியும் ஒரு நாள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வயலில் இறங்கி, படிப்பிலேயே வளர்ந்த கையால் கோணல்மாணலாக நாற்று நட்டாள். "பாப்பா நட்டதப் பாத்தா மாடு கூட வழி மாறிப் போவும்" என்று பெண்கள் கேலி செய்தார்கள். மறுவாரம் மணி பத்துக்கு மாறியது. வரப்பில் பழைய சோற்றுத் தூக்கைத் திறக்கும் நேரம் அதுதான். செயலியில் கப் கணக்கில் இருந்த சோறும் கரண்டிக் கணக்குக்கு வந்தது.

மயக்கம் வந்த கதை இதுதான். சர்க்கரை எண் குறைந்தால் ஃபோனில் ஒரு பச்சைப் பூ விரியும். அது ஆபீஸ் வைத்த பூ. புதன்கிழமைதோறும் சுடர்விழி அம்சத்தின் ஊருக்கு வருவாள். அப்படி ஒரு புதன்கிழமை அம்சம் வரப்பில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பூ விரிந்தது. சிரித்தபடி அதைக் காட்ட வந்தவள், வியர்த்துக் கொட்டிச் சரிந்தாள். சுடர்விழி பையிலிருந்த சர்க்கரையை அவள் வாயில் போட்டு, தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ராத்திரி என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ வர்ற நாளாச்சே. பூ வரலன்னா ஒன்ன ஆபீஸ்ல ஏசுவாங்கல்ல."

வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருந்தாள். விசாரித்தால், இன்னும் ஆறு பெண்கள் செவ்வாய் ராத்திரிதோறும் பட்டினி. அத்தனையும் சுடர்விழிக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்பதற்காக.

செயலியிலிருந்து பூவை எடுத்தே ஆகவேண்டும் என்று சுடர்விழி ஆபீசில் சண்டை போட்டாள். ஜனங்களுக்குப் பூ பிடித்திருக்கிறது என்றார் மேலதிகாரி அரவிந்தன். அடுத்த வாரம் விளம்பரப் படம் எடுக்க கேமராக்காரரோடு அம்சம் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்சம் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்ட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள் கூடவே வந்திருந்த சுடர்விழி.

"இன்னும் இல்ல பாப்பா. பூ வரணுமாம்ல."

"அஞ்சு நிமிஷம், சுடர். பூ வந்ததும் அவங்க சாப்பிடட்டும்" என்றார் அரவிந்தன்.

"சாப்பிட்டப்புறம் எடுங்க சார்."

"அப்பப் பூ வராதும்மா."

"வராது சார்."

"இஷ்டமில்லன்னா நீ கெளம்பலாம். நாளைக்கும் வரவேண்டாம்."

சுடர்விழி தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி அம்சத்தின் முன்னால் வைத்தாள். பிறகு, எது இல்லாமல் எண்ணும் பூவும் வராதோ, சோதனைக்கு ரத்தம் தொட்டு வைக்கும் அந்தப் பட்டைகள் இருந்த டப்பாவை ஸ்டூலிலிருந்து எடுத்து, மூடியை அழுத்தி மூடி, தன் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள்.