படத்தில் காணாமற்போன எருமை

சேந்தமங்கலம் சந்தைக்குப் போனால் அப்பா வாரப் பத்திரிகை வாங்கிவருவார். அதில் ஒரு குடிசையும் ஓர் எருமையுமாய்ப் பிழைத்த ஏழைப் புருஷன் பெண்டாட்டியின் சித்திரக்கதை தொடராக வந்தது. திடீரென்று அவர்களுக்குப் புதையல் கிடைத்து, மாளிகையும் மோட்டாரும் வந்துவிட்டன. படிக்கத் தெரியாத அம்மா படத்தைப் பார்த்து, "இவங்க எருமை எங்கீங்க?" என்றாள்.

"பணக்காரனுக்கு எதுக்கு எருமை?" என்று அப்பா எரிந்து விழுந்தார். அம்மா விடவில்லை, வாராவாரம் தேடினாள்.

அந்தக் கோடையில் கிணறு வற்றி எங்கள் பருத்திக் காடு கைவிட்டுப் போனது. அம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள். அப்போதுதான் கதையிலும் மாளிகை போயிற்று. பழைய குடிசை வாசலில் எருமை நின்றது.

அம்மா சிரித்துவிட்டாள்.

படம் போட்ட புண்ணியவான் யாரோ, அவர் கைக்கு இன்றைக்கும் ஒரு கும்பிடு.

"எருமை வந்துருச்சுங்க, இனிப் பொழச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு எங்கள் எருமையைக் கறக்கப் போனாள்.