இரண்டு தோல் துண்டுகள்

புதுச் செருப்பு வாங்கப் போனால், தோல் வாசனைக்கு என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. ஆம்பூரில் இப்போது இல்லாத எங்கள் மைக் செட் கடையில், ரிக்கார்டு பிளேயருக்கு முள் பொருத்திய கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதெல்லாம், முள் அழுந்தும் கனம் சரியாக இருக்க, அப்பா பிளேயரின் கைமேல் கனத்துக்குத் தோல் துண்டுகளை ஒட்டுவார். பழையதற்கு மூன்று, புதியதற்கு ஒன்று. ஒரு கல்யாணத்தில் புதியதை மாட்டிய நான், மூன்றில் இரண்டைப் பிய்க்க மறந்தேன். பெண்வீட்டார் ஆசையாகக் கொடுத்த இசைத்தட்டை முள் கரகரவென்று கிழித்தது. பெண்ணின் தாய்மாமன் அப்பாவைக் கீழே தள்ளிச் செருப்பைக் கழற்றினார்.

"இன்னாய்யா, பாட்டுப் போடச் சொன்னா ஏர் ஓட்றியா? எவன்டா மாட்னது?"

"நான்தாங்க" என்றார் அப்பா, உதட்டில் ரத்தத்தோடு.

செருப்பு அறைந்துகொண்டே இருந்தது. அவசரமாகப் பிய்த்த இரண்டு துண்டுகளையும் கைக்குள் மூடிக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.